18446744073709551615: இந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்போமா?

கீழமாசிக் கணக்கர்:
வணக்கம். மதுரை கீழமாசி வீதியில் ஒரு அரிசி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். நேற்று லோடு இறங்குவதற்கு முன்னாலேயே ஒரு சிப்பத்துக்கு பில் போட்டுவிட்டார்கள். இருப்புப் பக்கத்தைத் திறந்தால் அந்த ரகத்துக்கு நேரே 18446744073709551615 என்று நிற்கிறது. லோடை வரவு வைத்ததும் சரியாகிவிட்டது, கடைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் அந்த எண் எனக்கு மனதை விட்டுப் போகவில்லை. 20 இலக்கம், நம் கணக்கில் சொன்னால் 1,84,467 கோடி கோடிக்கு மேல். ராத்திரி உட்கார்ந்து பேப்பரில் வகுத்துப் பார்த்தேன். 3ஆல் மீதியில்லாமல் போகிறது, 5ஆல் போகிறது, 7, 11, 13 மூன்றும் போகவில்லை, 17 போகிறது. மூன்றையும் எடுத்த பிறகு 72340172838076673 என்று வந்து நிற்கிறது. 19, 23, 29 என்று 100 வரைக்கும் எதுவும் இதை வகுக்கவில்லை. இதோடு முடிந்ததா, இன்னும் காரணிகள் இருக்கின்றனவா? கையால் கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் போட்டு விடை மட்டும் தர வேண்டாம்.

வைகைக்கரை:
அண்ணே, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று மட்டும் நான் சொல்கிறேன், காரணிகளை மற்றவர்கள் பார்க்கட்டும். இருப்பு 0, விற்றது 1, ஆக −1. கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஒரு முழு எண்ணுக்கு 64 இடம் ஒதுக்கும், ஒவ்வொரு இடத்திலும் 0 அல்லது 1. −1 என்பதை அது 64 இடத்திலும் 1 போட்டுத்தான் வைத்துக்கொள்கிறது, ஏனென்றால் அதோடு ஒன்றைக் கூட்டினால் எல்லா இடமும் 0 ஆகி, கடைசியாக மிஞ்சும் 1 இடமில்லாமல் வெளியே போய்விடும். விடை 0, கணக்கு சரி. இதையே கழித்தல் குறிக்கு இடம் தராத ஒரு நிரல் படித்தால், 64 ஒன்றுகளையும் அப்படியே இரும எண்ணாக எடுத்துக்கொள்ளும். 1 + 2 + 4 + 8 என்று 64 உறுப்புகளைக் கூட்டினால் வருவது 2^64 − 1. நீங்கள் பார்த்தது அதுதான்.

திருமங்கலத்தான்:
எக்செல்லில் =2^64-1 போட்டேன், 18446744073709600000 என்று வருகிறது. அப்படியானால் 10ஆல் வகுபடுமே? 5 வருகிறது என்றால் 2ம் வர வேண்டும் இல்லையா? கணக்கர் எண்ணைத் தப்பாகப் பார்த்து எழுதியிருக்கலாம்.

வைகைக்கரை:
இல்லைங்க, எக்செல் 15 இலக்கம் வரைக்கும்தான் வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் உள்ளதைச் சுன்னமாக்கிவிடும். கடைசி ஐந்து சுன்னமும் உண்மையான இலக்கங்கள் இல்லை. இந்த அளவு எண்களுக்கு அதை நம்பக் கூடாது. கையாலேயே சரிபார்க்கலாம்: 2, 4, 8, 16, 32, 64 என்று போகும்போது கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நாலு நாலாகச் சுற்றுகிறது. 64 நாலின் மடங்கு, அதனால் 2^64 முடிவது 6இல். ஒன்றைக் கழித்தால் 5. ஒற்றைப்படை எண், 2 அதற்குள் வரவே வராது.

மேலூர் வாத்தியார்:
பணி ஓய்வு பெற்ற கணித ஆசிரியன் நான். கணக்கர் தம்பி கையால் வகுத்துப் பார்த்திருக்கிறாரே, அதைப் படிக்கவே சந்தோஷமாக இருந்தது. முதலில் 7, 11, 13 மூன்றையும் ஒரே கணக்கில் முடிக்கும் வழி ஒன்று சொல்கிறேன். 7 × 11 × 13 = 1001. அதனால் எண்ணை வலப்பக்கமிருந்து மூன்று மூன்று இலக்கமாக வெட்டி, மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் போதும்.

18 | 446 | 744 | 073 | 709 | 551 | 615

615 − 551 + 709 − 73 + 744 − 446 + 18 = 1016

இப்போது 20 இலக்கத்தை மறந்துவிட்டு 1016ஐ மட்டும் பாருங்கள். 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் மீதி 4, 13ஆல் மீதி 2. பெரிய எண்ணுக்கும் இதே மீதிகள்தான். மூன்றும் போகாது என்று தம்பி சொன்னது சரி.

அடுத்தது காரணிகள். இதற்கு 20 இலக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, எட்டாம் வகுப்பு முற்றொருமை ஒன்று போதும்:

க² − 1 = (க − 1)(க + 1)

2^64 என்பது 2^32இன் வர்க்கம். ஆக 2^64 − 1 = (2^32 − 1)(2^32 + 1). முதல் அடைப்புக்குள் மறுபடியும் அதே வடிவம், அதை (2^16 − 1)(2^16 + 1) என்று பிரிக்கலாம். இப்படியே கீழே இறங்கிக்கொண்டே போனால்:

2^64 − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

தம்பி 17 வரைக்கும் எடுத்துவிட்டார். 100இல் நிறுத்தாமல் 257 வரைக்கும் போயிருந்தால் அடுத்தது கிடைத்திருக்கும். 72340172838076673ஐ 257ஆல் வகுத்தால் 281479271743489, அதை 65537ஆல் வகுத்தால் 4294967297. வகுத்துப் பாருங்கள்.

கீழமாசிக் கணக்கர்:
வகுத்துப் பார்த்தேன் சார், இரண்டும் மீதியில்லாமல் போகிறது. பெருக்கிக்கொண்டு வரும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. 3 × 5 = 15, 15 × 17 = 255, 255 × 257 = 65535, 65535 × 65537 = 4294967295. ஒவ்வொரு முறையும் அடுத்துப் பெருக்க வேண்டிய எண் கையில் இருப்பதைவிட 2 கூடுதல். இது தற்செயலா?

மேலூர் வாத்தியார்:
தற்செயல் இல்லை தம்பி. கையில் இருப்பது க − 1, அடுத்தது க + 1, வித்தியாசம் எப்போதும் 2தான். இதில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. 65537ஐயும் அதற்கு முந்தைய 3, 5, 17, 257 ஆகியவற்றில் ஒன்றையும் பொதுவாக ஒரு எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 65535ஐயும் வகுக்கும், 65537ஐயும் வகுக்கும், ஆகவே வித்தியாசமான 2ஐயும் வகுக்க வேண்டும். ஆனால் எல்லாமே ஒற்றைப்படை. அதனால் 1ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. இந்த வரிசையை எவ்வளவு தூரம் நீட்டினாலும் ஒவ்வொன்றும் இதுவரை வராத ஒரு பகா எண்ணையாவது கொண்டுவந்தாக வேண்டும். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பதற்கு இதுவே ஒரு நிரூபணம். கோல்ட்பாக் 1730இல் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது இந்த வாதம்தான். வகுப்பில் இதை எழுதி முடித்ததும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

ஒத்தக்கடை நிலா:
சார், நான் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள் என்று தெரியும், 2^1, 2^2, 2^4, 2^8, 2^16 ஆகியவற்றோடு 1 கூட்டினால் வரும் இவை ஃபெர்மா எண்கள் என்று பாடத்தில் வந்தது. 4294967297ம் அப்படித்தானே? 500 வரைக்கும் உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் போகவில்லை.

மேலூர் வாத்தியார்:
500இல் நிறுத்திவிட்டாயேம்மா, இன்னும் கொஞ்சம் போயிருக்க வேண்டும். இது எல்லாமே பகா எண்தான் என்று ஃபெர்மாவே 1640இல் நம்பி எழுதினார். 1732இல் ஆய்லர் இதை உடைத்தார்: 641 இதை வகுக்கிறது. பத்து இலக்கத்தை வகுக்காமலேயே இதைச் சரிபார்க்கலாம், மூன்று வரிதான். 641ஆல் வகுத்தால் வரும் மீதிகளை மட்டும் பிடித்துக்கொண்டு வா.

2^8 = 256.
2^16 = 65536, இதில் 641 × 102 = 65382ஐக் கழித்தால் மீதி 154.
2^32க்கு 154 × 154 = 23716, இதில் 641 × 36 = 23076ஐக் கழித்தால் மீதி 640.

மீதி 640 என்றால் ஒன்றைக் கூட்டும்போது 641, அதாவது மீதி 0. முடிந்தது.

4294967297 = 641 × 6700417.

ஒத்தக்கடை நிலா:
போட்டுப் பார்த்தேன் சார், அப்படியே வருகிறது. ஆனால் ஆய்லருக்கு 641 என்று எப்படித் தோன்றியது? அவரும் வரிசையாக வகுத்துக்கொண்டு போனாரா?

மேலூர் வாத்தியார்:
எல்லா பகா எண்ணையும் தொட வேண்டியதில்லை, அதைக் காட்டியதுதான் அவருடைய பெருமை. ஒரு பகா எண் 2^32 + 1ஐ வகுக்கிறது என்றால், அதால் 2^32ஐ வகுக்கும்போது மீதி −1. வர்க்கப்படுத்தினால் 2^64க்கு மீதி 1. அப்படியானால் 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் மீதிகளை எழுதினால் 64 அடியில் வரிசை திரும்பத் தொடங்கும். அதற்கு முன்னால் திரும்ப முடியாது, ஏனென்றால் 64ஐ வகுக்கும் சின்ன எண்கள் எல்லாம் 32ஐயும் வகுக்கும். அங்கே நமக்கு 1 வரவில்லை, −1தான் வந்தது. இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி பகா எண்ணுக்கு ஒன்று குறைந்த அடியில் மீதி 1 வந்தே தீரும். இரண்டையும் சேர்த்தால், பகா எண்ணிலிருந்து 1ஐக் கழித்தால் 64இன் மடங்கு கிடைக்க வேண்டும்.

64இன் மடங்கோடு 1 கூட்டிய பகா எண்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிட்டது. நீ 500 வரைக்கும் வகுத்த அத்தனையில் தேவைப்பட்டது மூன்றுதான், அதிலும் 257ஐ முன்பு சொன்ன பொதுக் காரணி வாதமே ஒதுக்கிவிடுகிறது.

ஒத்தக்கடை நிலா:
அப்படியானால் 6700417 பகா எண்தானா என்பதையும் இதே வழியில் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன். அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதன் காரணியும் 64இன் மடங்கு கூட்டல் 1 ஆகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அது 2^32 + 1ஐயும் வகுக்கும். 577 வரைக்கும் போகாது என்பது முடிந்துவிட்டது, மறுபடியும் 641 போகுமா என்று பார்த்தேன், போகவில்லை. 641ஐத் தாண்டி 2588க்குள் இருக்கும் அப்படிப்பட்ட பகா எண்கள் 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஆறே ஆறு! ஆறும் வகுக்கவில்லை. 67 லட்சத்தைப் பகா எண் என்று கையாலேயே நிரூபித்துவிட்டேன் என்பதை நம்பவே முடியவில்லை. பட்டியல் போடும்போது 64 × 27 + 1 = 1729ம் வந்தது, ராமானுஜன் எண், ஆனால் அது 7 × 13 × 19 என்பதால் வெளியே போய்விட்டது.

இன்னொன்று சார். 641 = 640 + 1 = 5 × 2^7 + 1. அதே 641 = 625 + 16 = 5^4 + 2^4. இந்த இரண்டையும் வைத்து மீதிகளே பார்க்காமல் நிரூபிக்கலாம் என்று எங்கள் பேராசிரியர் காட்டினார். முதலாவதின்படி 5 × 2^7க்கு மீதி −1, நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 5^4 × 2^28க்கு மீதி 1. இரண்டாவதின்படி 5^4க்குப் பதிலாக −2^4 போடலாம். போட்டால் −2^32க்கு மீதி 1, அதாவது 2^32 + 1க்கு மீதி 0.

மேலூர் வாத்தியார்:
அருமைம்மா. இதைவிடச் சுருக்கமாக யாராலும் எழுத முடியாது.

சிம்மக்கல்:
பெரியவங்க பேசும்போது குறுக்கே வருகிறேன். இலக்கங்களைக் கூட்டினால் 87, 8 + 7 = 15, 1 + 5 = 6. கூட்டு எண் 6 சுக்கிரனுடையது. கடையில் இந்த எண் தானாக வந்து நின்றது என்றால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்காதா?

மேலூர் வாத்தியார்:
ஐயா, அந்த 6க்கு உறுதியான ஒரு அர்த்தம் இருக்கிறது. இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போய் வரும் ஒற்றை இலக்கம், அந்த எண்ணை 9ஆல் வகுத்தால் வரும் மீதி (9 வந்தால் மட்டும் மீதி 0). 10, 100, 1000 எதை 9ஆல் வகுத்தாலும் மீதி 1 என்பதால் அப்படி ஆகிறது. இங்கே மீதி 6. 6 மூன்றால் வகுபடும், அதனால் நம் எண்ணும் 3ஆல் வகுபடும். 6 ஒன்பது இல்லை, அதனால் 9ஆல் வகுபடாது. 3 ஒரே ஒரு முறைதான் காரணியாக வரும் என்பதை இந்தக் கூட்டல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் கிரகத்தை அதில் ஏற்ற கணிதத்தில் இடமில்லை.

கீழமாசிக் கணக்கர்:
சதுரங்கக் கட்டத்துக்கு ஒன்று, இரண்டு, நாலு என்று அரிசி கேட்ட கதையில் வரும் எண்ணும் இதுதானே? 64 கட்டம், கூட்டினால் 2^64 − 1. 2^64 என்றே பல இடத்தில் எழுதுகிறார்கள், அது மொத்தம் இல்லை, 65ஆவது கட்டம் இருந்திருந்தால் அதில் மட்டும் வைக்க வேண்டியது. அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்லிக்கான் 13ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கதையை எழுதியிருக்கிறார்.

அரிசிக் கடைக்காரன் கணக்காக இதைப் போட்டுப் பார்த்தேன். குண்டு ரகமாக எடுத்து கிராமுக்கு 40 அரிசி என்று வைத்தால் 25 கிலோ சிப்பத்துக்குச் சரியாக 10 லட்சம் அரிசி. சன்ன ரகம் என்றால் எண்ணிக்கை கூடும். பாதிப் பலகை, அதாவது 32 கட்டம் முடியும்போது 4294967295 அரிசி, வெறும் 4,295 சிப்பம், 107 டன். ஏழெட்டு லாரி லோடு, எங்கள் தெருவில் சாதாரணமாகப் புழங்குகிற சரக்கு. முழுப் பலகைக்கு 18,44,674 கோடி சிப்பம், அதாவது 46,000 கோடி டன்னுக்கு மேல். உலகம் முழுக்க ஒரு வருடத்தில் விளையும் அரிசி சுமார் 50 கோடி டன் என்றால் 900 வருட விளைச்சல். பாதிப் பலகைக்கும் முழுப் பலகைக்கும் இடையில் இருப்பது அந்த 4294967297 என்ற ஒரே பெருக்கல்தான். சாரின் முற்றொருமையில் கடைசியாக நின்ற காரணி.

திருமங்கலத்தான்:
எனக்கு ஒரு சந்தேகம். மொத்தம் ஏழு பகா காரணி: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. அப்படியானால் இந்த எண்ணை வகுக்கும் எண்கள் மொத்தம் எத்தனை?

ஒத்தக்கடை நிலா:
ஏழில் ஒவ்வொன்றையும் எடுத்துக்கொள்ளலாம் அல்லது விடலாம், எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஆகவே 2 × 2 × 2 என்று ஏழு முறை, 128. ஒன்றும் அந்த எண்ணும் சேர்த்து.

தல்லாகுளம்:
நான் ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. என் மகளுக்குப் பாஸ்கல் முக்கோணம் சொல்லிக்கொடுக்கும்போது கட்டம் போட்ட நோட்டில் ஒற்றைப்படை வரும் இடத்தில் 1, இரட்டைப்படை வரும் இடத்தில் 0 போட்டு வந்தோம். வரிசைகள் இப்படி வந்தன:

1
11
101
1111
10001
110011
1010101
11111111

இவற்றை இரும எண்ணாகப் படித்தால் 1, 3, 5, 15, 17, 51, 85, 255. நீங்கள் எழுதிய எண்களெல்லாம் இதில் வருகின்றனவே! உச்சியை 0 என்று எண்ணினால் 63ஆவது வரிசை முழுக்க ஒன்றுகள், 64 ஒன்றுகள். கணக்கர் திரையில் பார்த்த எண்தானே அது?

மேலூர் வாத்தியார்:
ஆமாம்மா, அதேதான். இதில் இன்னொரு ஆழம் இருக்கிறது. கவராயமும் அளவுகோலும் மட்டும் வைத்து எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம் என்ற கேள்வி கிரேக்கர் காலத்தது. காஸ் 1796இல், பத்தொன்பது வயதுகூட ஆகாதபோது, 17 பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று காட்டினார். ஒற்றைப்படைப் பக்கம் என்றால், ஃபெர்மா எண்களில் பகா எண்ணாக இருப்பவற்றை ஒவ்வொன்றும் ஒரு முறைக்கு மேல் வராமல் பெருக்கினால் வரும் எண்ணிக்கையாக இருக்க வேண்டும். மற்றவற்றை வரையவே முடியாது என்ற பக்கத்தை வான்ட்செல் 1837இல் முடித்துவைத்தார். நமக்குத் தெரிந்த பகா எண்கள் 3, 5, 17, 257, 65537 ஐந்துதான். ஐந்திலிருந்து 31 பெருக்கல்கள். அந்த 31ம் உங்கள் முக்கோணத்தின் 1 முதல் 31 வரையுள்ள வரிசைகளே, வரிசை மாறாமல். கடைசி 4294967295.

32ஆவது வரிசையில் இரண்டு ஓரத்தில் மட்டும் ஒன்று, நடுவெல்லாம் சுன்னம். அது 4294967297. 641 உள்ளே உட்கார்ந்திருப்பதால் அந்தப் பலகோணத்தை வரைய முடியாது, பொருத்தம் அங்கேயே அறுந்துபோகிறது. முப்பத்தொரு வரிசை பிசகாமல் வந்த ஒன்று அடுத்த வரிசையில் நின்றுவிடும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? பகா எண்களிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

வைகைக்கரை:
அக்கம்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2^64க்குக் கீழே உள்ள மிகப் பெரிய பகா எண் அதிலிருந்து 59 குறைவு: 18446744073709551557. இந்தப் பக்கம் 2^64 + 1, அதாவது 18446744073709551617, அடுத்த ஃபெர்மா எண். அதுவும் பகா எண் இல்லை, 274177 × 67280421310721. 1880இல் லாண்ட்ரி இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார், அப்போது அவருக்கு 80 வயதைத் தாண்டியிருந்தது. அவருக்கு முன்பே 1855இல் கிளாசன் காஸுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். எல்லாம் கையால்.

கீழமாசிக் கணக்கர்:
சார் சொன்ன வழி இங்கேயும் பொருந்த வேண்டுமே என்று பார்த்தேன். இப்போது 128இன் மடங்கோடு ஒன்று கூட வேண்டும். 128 × 2142 = 274176, ஒன்றைக் கூட்டினால் 274177. சரியாக வருகிறது. 2^128 − 1ஐப் பிரிக்க வேண்டுமென்றால் நம் ஏழோடு இந்த இரண்டையும் சேர்த்தால் போதும், ஒன்பது பகா எண்கள், 512 வகுக்கும் எண்கள். இந்த வரிசை எதுவரைக்கும் போயிருக்கிறது?

மேலூர் வாத்தியார்:
2^(2^5) + 1 தொடங்கி 2^(2^32) + 1 வரைக்கும் ஒன்றுகூடப் பகா எண் இல்லை என்பது முடிவாகிவிட்டது. 33ஐப் போட்டால் வருவது பகா எண்ணா இல்லையா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அதற்கு இலக்கங்கள் மட்டுமே 250 கோடிக்கு மேல். நிலா, உன் வழியில் அதன் காரணி எந்த எண்ணின் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்க வேண்டும் என்று எழுதிப் போடும்மா.

ஒத்தக்கடை நிலா:
2^34இன் மடங்கு சார். 64 அடி என்று வந்த இடத்தில் 2^34 அடி வரும். 1718 கோடிக்கு ஒரு முறைதான் தேட வேண்டிய இடம் வரும் என்றாலும் அதில் எது என்று தெரியவில்லையே.